ஜப்பானும் பிரான்சும்: மழலையர் பள்ளி ஆசிரியைகளை எப்படி ஒப்பிடறது?

இரண்டாம் பெஞ்சு கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். மழலையர் கல்வியில பட்டயப் படிப்பு, ரெண்டாம் வருஷம். கட்டுரைத் தலைப்பு "இரு நாடுகளின் மழலையர் பள்ளி ஆசிரியைகள்: எண்ணிக்கை ஒப்பீடு". நான் ஜப்பானையும் பிரான்சையும் எடுத்தேன். பெரிய காரணமெல்லாம் இல்ல, ரெண்டுக்கும் விவரம் கிடைச்சது.

ஓஇசிடி (வளர்ந்த நாடுகளோட பொருளாதார அமைப்பு) அட்டவணையில பெண்கள் சதவீதம் பார்த்தேன். ஜப்பான் 97-ஐ ஒட்டி இருக்கு, பிரான்ஸ் 90-ஐ ஒட்டி. ரெண்டு பட்டை வரைஞ்சு கலர் அடிச்சேன். பக்கத்துல பக்கத்துல நின்னா அண்ணன் தம்பி மாதிரி ஒரே உயரம். மேடம் அதைப் பார்த்துட்டு பட்டைக்கு மேல பென்சில்ல "அதனால்?" அப்படின்னு ஒரே வார்த்தை எழுதித் திருப்பிக் கொடுத்துட்டாங்க.

சரி, தலை எண்ணிக்கையையே வரைஞ்சிடலாம்னு பார்த்தா ஜப்பான் பெரிய நாடு, அது பெருசா வரத்தானே செய்யும்? அதுல என்ன இருக்கு?

என் சந்தேகம் இதுதான். எண்ணிக்கையை ஒப்பிடணுமா, சதவீதத்தையா? அப்புறம் பிரான்சுல ஆண்கள் கொஞ்சம் கூட இருக்காங்களே, அதுக்குக் காரணம் என்ன? அங்க ஆம்பளைங்களுக்குக் குழந்தைங்கன்னா அவ்வளவு இஷ்டமா?

பி.கு.: எங்க வகுப்புல 42 பேர். ஆண்கள் நானும் இன்னொருத்தனும். மேடம் தினமும் "குட்மார்னிங் கேர்ள்ஸ்"னுதான் ஆரம்பிப்பாங்க. பழகிடுச்சு.

---

நேர்கோடு:

இதுல யோசிக்க ஒண்ணுமில்ல. ஆசிரியைகள் எண்ணிக்கையை மக்கள்தொகையால வகுங்க. லட்சம் பேருக்கு இத்தனை ஆசிரியைகள்னு வரும். ரெண்டு நாட்டையும் பக்கத்துல வச்சா வேலை முடிஞ்சது.

---

அட்டவணைக்காரி:

நேர்கோடு சார், அங்கதான் கால் வழுக்குது. வகுக்கணும், சரி. எதால வகுக்கணும்? மழலையர் பள்ளிக்குத் தாத்தாவும் பாட்டியும் போறதில்லையே. ஜப்பான் மக்கள்தொகை 12 கோடிக்கு மேல, பிரான்ஸ் 7 கோடிக்குக் கொஞ்சம் கீழ. ஆனா 2023-ல ஜப்பான்ல பிறந்த குழந்தைங்க சுமார் 7 லட்சத்து 27 ஆயிரம், பிரான்சுல சுமார் 6 லட்சத்து 78 ஆயிரம். ஆள் கணக்குல கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு வித்தியாசம், தொட்டில் கணக்குல தோளுக்குத் தோள் நிக்குது. மக்கள்தொகையால வகுத்தா ஜப்பான் பாவம்போலத் தெரியும். அது ஆசிரியைங்க குறைவுங்கறதால இல்ல, அங்க வயசானவங்க அதிகம்ங்கறதால. 3 வயசுலேர்ந்து 5 வயசு வரைக்கும் இருக்கற பிள்ளைங்க எண்ணிக்கையால வகுக்கணும். அதுதான் முறை.

இப்ப தம்பிகிட்ட வர்றேன். 26 வருஷம் கல்விப் புள்ளிவிவரப் படிவங்களோடயே குப்பை கொட்டினவ நான். அதனால கொஞ்சம் நீளமாத்தான் எழுதுவேன், பொறுத்துக்கோங்க.

உங்க பட்டை ஏன் சப்புன்னு இருக்குன்னு உங்க வகுப்பை வச்சே சொல்றேன். 42 பேர்ல 40 பெண்கள், 95.2 சதவீதம். அந்த இன்னொரு பையன் படிப்பிலேர்ந்து நின்னுட்டான்னு வைங்க. 41-ல 40, அதாவது 97.6. பட்டை ஒரு நூல் உயரும், அவ்வளவுதான். ஆனா வகுப்புல ஆண்கள் பாதியாயிட்டாங்க! பெண்கள் பங்கு ஏற்கனவே கூரையை முட்டிக்கிட்டு நிக்குது. கூரைகிட்ட நடக்கற மாற்றம் கண்ணுக்குத் தெரியாது. குனிஞ்சு தரையைப் பாருங்க. ஜப்பான்ல நூத்துக்கு 3 ஆண், பிரான்சுல நூத்துக்கு 10. மூணு மடங்குக்கும் மேல. பட்டையை ஆண்களுக்கு வரைஞ்சீங்கன்னா மேடம் பென்சிலை எடுக்க மாட்டாங்க.

உலக வங்கி அட்டவணையில தேடிப் பாருங்க, "ஆசிரியர்களில் பெண்கள் சதவீதம்"னு ஒரு வரிசை இருக்கும். ஆண்களுக்குத் தனி வரிசை கிடையாது, 100-லேர்ந்து நாமதான் கழிச்சுக்கணும். நான் பார்த்த படிவங்களும் அப்படியேதான். ஒரு கட்டம் "மொத்தம்". பக்கத்துல "அதில் பெண்கள்".

அந்த "அதில் பெண்கள்" கட்டத்துல ஒரு கூத்து நடந்தது. ஒரு பள்ளிலேர்ந்து வந்த படிவத்துல மொத்தம் 14, அதில் பெண்கள் 15! எழுத்துப் பிழைன்னு நினைச்சு போன் பண்ணினேன். எடுத்தவங்க அலட்டிக்கவே இல்ல. "ஆமா மேடம், ஆசிரியர் 14 பேர். பொம்பளைங்க எத்தனை பேர்னு கேட்டிருந்தீங்களா, அதான் ஆயாவையும் சேர்த்துட்டோம்"னாங்க. அன்னைக்குச் சிரிச்சுட்டு 14-ன்னு திருத்திட்டேன். பல வருஷம் கழிச்சு யோசிக்கறப்ப, தப்பு அவங்க பக்கமா படிவத்து பக்கமான்னு எனக்கே சந்தேகம். காலையில வாசல்ல பிள்ளையை வாங்கினது, மூக்கைத் துடைச்சது, தூங்க வச்சது எல்லாம் அந்தப் பதினஞ்சாவது ஆள்தான்.

இதை ஏன் சொல்றேன்னா, நாடுகளை ஒப்பிடறப்ப முதல் சிக்கலே "ஆசிரியர்" யாருங்கறதுதான். யுனெஸ்கோவோட கல்வி நிலை வகைப்பாடு ஒண்ணு இருக்கு, இஸ்கெட்னு சொல்வாங்க. அதோட 2011 பதிப்புல கீழ்நிலையை ரெண்டாப் பிரிச்சாங்க. 3 வயசுக்குக் கீழ உள்ளது ஒண்ணு, 3-லேர்ந்து தொடக்கப் பள்ளி வாசல் வரைக்கும் ஒண்ணு. உதவியாளர்கள் ரெண்டுலயும் ஆசிரியர் கணக்குல சேர மாட்டாங்க. நீங்க எடுத்த சதவீதம் எந்த நிலைக்கானதுன்னு முதல்ல பாருங்க. ரெண்டு நாட்டுக்கும் ஒரே நிலையா இல்லன்னா அந்தக் காகிதத்தைக் கப்பல் விட்டுடுங்க.

காரணம் கேட்டீங்களே. பிரான்ஸ் ஆம்பளைங்க இஷ்டமெல்லாம் இல்ல. அங்க மழலையர் ஆசிரியர்னு தனி வேலையே கிடையாது. மழலையர் பள்ளிக்கும் தொடக்கப் பள்ளிக்கும் ஒரே ஆசிரியர் அணி, ஒரே போட்டித் தேர்வு, ஒரே சம்பள விகிதம். இந்த வருஷம் பத்து வயசுப் பிள்ளைக்குப் பின்னம் நடத்தறவர் அடுத்த வருஷம் மூணு வயசுப் பிள்ளைக்குக் களிமண் உருட்டலாம். இட மாறுதல் பெரும்பாலும் புள்ளிக் கணக்குல வருது. எங்க இடம் காலியோ அங்க போறாங்க, அதுல சில ஆண்கள் மழலையர் வகுப்புக்கும் வந்து சேர்றாங்க. சின்ன ஊர்கள்ல மழலையர் கடைசி வகுப்பும் முதலாம் வகுப்பும் ஒரே அறையில, ஒரே ஆசிரியர்கிட்ட இருக்கறதும் உண்டு. அவரை எந்தப் பெட்டியில எண்ணுவீங்க? அதைக் கேட்டாலே பத்து படிவக்காரங்க பத்து விதமா சொல்வாங்க.

நெதர்லாந்தும் இப்படித்தான். 1985-ல மழலையர் பள்ளியைத் தொடக்கப் பள்ளியோட ஒண்ணாக்கிட்டாங்க. அங்கயும் ஆண்கள் பங்கு மத்த நாடுகளைவிடக் கொஞ்சம் கூடத்தான். ஆனா நார்வே பாருங்க, மழலையர் பள்ளிப் பணியாளர்கள்ல 20 சதவீதம் ஆண்கள் வரணும்னு 1990-கள்லயே இலக்கு வச்சு, பிரசாரமெல்லாம் பண்ணியும் பாதி தூரம்தான் வந்திருக்காங்க. ஆர்வமூட்டறதைவிட வேலையோட அமைப்பை மாத்தறது ஆளைக் கொண்டுவருதுன்னு நான் நினைக்கறேன். இது என் கருத்து, அட்டவணை சொல்லல.

கட்டுரையை உயிரோட்டமா ஆக்கணும்னா இன்னொரு வரிசையையும் பக்கத்துல வைங்க: தொடக்கப் பள்ளி. பிரான்சுல தொடக்கப் பள்ளியிலும் பெண்கள் 80 சதவீதத்துக்கு மேல. ஜப்பான்ல 60-ஐத் தாண்டி கொஞ்சம்தான். பிரான்சுல மழலையர்லேர்ந்து தொடக்கத்துக்குப் போனா ஒரு படி இறங்கற மாதிரி. ஜப்பான்ல மொட்டை மாடியிலேர்ந்து குதிக்கற மாதிரி, 30 புள்ளிக்கு மேல விழுது. ஆறு வயசுப் பிள்ளைக்குப் பாடம் நடத்த ஆண்கள் வர்றாங்க, அஞ்சு வயசுப் பிள்ளைக்கு வர்றதில்ல. நடுவுல ஒரு கோடை விடுமுறைகூட இல்ல, பள்ளி ஆண்டு தொடங்கற வெறும் ஒரு ஏப்ரல் மாசம்! மேடம் கேட்ட "அதனால்?" இங்கதான் இருக்கு.

ஜப்பான் பக்கம் தெரிஞ்சவங்க யாராவது இருந்தா சொல்லுங்களேன். அங்க மழலையர் பள்ளி ஒண்ணு இல்ல, மூணு.

---

குடை மறந்தவன்:

எட்டு வருஷமா ஜப்பான்ல இருக்கேன். பொண்ணு இந்த ஏப்ரல்லதான் பள்ளிக்கூடம் போனா, அதுக்கு முன்ன நாலு வருஷம் ஹொய்குஎன். அந்த மூணு இதுதான்.

யோச்சிஎன், 3 வயசுலேர்ந்து. கல்வி அமைச்சுக்குக் கீழ. பெரும்பாலும் தனியார். ஹொய்குஎன், கைக்குழந்தையிலேர்ந்து, வேலைக்குப் போற பெற்றோருக்கு. ரொம்ப வருஷம் சுகாதாரம், தொழிலாளர் நலம் பார்க்கற அமைச்சுகிட்ட இருந்தது. 2023 ஏப்ரல்லேர்ந்து குழந்தைகள், குடும்பங்களுக்குன்னு புதுசா வந்த முகமைகிட்ட. மூணாவது கொதொமொஎன், 2006-ல ஆரம்பிச்சது, ரெண்டும் கலந்தது.

கல்வி அமைச்சோட புள்ளிவிவரத்துல "யோச்சிஎன் ஆசிரியர்"னு எடுத்தா என் பொண்ணை வளர்த்த ஒருத்தரும் அதுல இருக்க மாட்டாங்க. என் பொண்ணு வகுப்புல இருந்ததும் அஞ்சு வயசுப் பிள்ளைங்கதான், படிச்சதும் பாட்டும் எழுத்தும்தான். ஆனா அவங்க பேரு கியோயு (ஆசிரியர்) இல்ல, ஹொய்குஷி (பராமரிப்பவர்). உரிமமே வேற. கொதொமொஎன்ல வேலை பாக்கணும்னா பொதுவா ரெண்டு உரிமமும் வேணும்.

இன்னொரு பொறி. யோச்சிஎன் பிள்ளைங்க இப்ப பத்து லட்சத்துக்குக் கீழ போயிட்டாங்க. ஆசிரியைங்க எண்ணிக்கை குறையறதைப் பார்த்து "ஜப்பான்ல பெண்கள் இந்த வேலையை விட்டு ஓடறாங்க"ன்னு எழுதிடாதீங்க தம்பி. பிறப்பு குறைஞ்சது ஒரு காரணம். இன்னொரு காரணம், அதே பிள்ளைங்களும் அதே ஆசிரியைங்களும் கொதொமொஎன் பலகைக்கு மாறினது. பெட்டி மாறினா ஆள் செத்துப்போன மாதிரி தெரியும்.

ஒரு ஆசிரியைக்கு எத்தனை பிள்ளைங்கங்கறதும் எண்ணிக்கையை ஆட்டிவைக்கும். ஹொய்குஎன்ல 4, 5 வயசுக்கு 30 பேருக்கு ஒருத்தர்னு பல பத்தாண்டா ஒரே விதி. 2024-லதான் 25 ஆக்கினாங்க. அட்டவணைக்காரி அம்மா சொன்ன நார்வேயில 3 வயசுக்கு மேல 6 பிள்ளைங்களுக்கு ஒரு பணியாளர் வேணும். அதே அளவு பிள்ளைங்க, ஆனா தேவைப்படற பெண்கள் எண்ணிக்கை பல மடங்கு மாறும். விதியைப் பார்க்காம எண்ணிக்கையை மட்டும் வச்சா வீண்.

ஆண்கள் கதைக்கு வர்றேன். ஹொய்குஎன் வேலைக்கு முன்ன இருந்த பேரு "ஹொபோ". முதல் எழுத்து காக்கறது, ரெண்டாவது எழுத்து அம்மா. 1977 வரைக்கும் ஆண்கள் அந்தத் தகுதியே வாங்க முடியாது. வாங்கினப்புறமும் 1999 வரைக்கும் சட்டத்துல அந்த "அம்மா" பேருதான். அதுக்கப்புறம்தான் ஹொய்குஷின்னு பொதுப் பேரு வந்தது. பேரு மாறினா மனசு மாறிடுமா? 2017-ல சிபா நகராட்சி ஆண் ஹொய்குஷிகளுக்குன்னே ஒரு திட்டம் போட்டப்ப, பெண் குழந்தைக்கு ஆண் டயபர் மாத்தலாமா கூடாதான்னு இணையமே ரெண்டுபட்டுச்சு.

எங்க ஹொய்குஎன்லயும் ஒரே ஒரு ஆண் சென்செய் (டீச்சர்). விளையாட்டு விழா அன்னைக்குக் கூடாரக் கம்பி தூக்கறது, ஒலிபெருக்கி கட்டறது, மரத்துல மாட்டின பந்தை எடுக்கறது எல்லாம் அவர் தலையிலதான். என் பொண்ணுக்கு அவர் பியானோ வாசிப்பார்ங்கறது கடைசி வருஷம்தான் தெரிஞ்சது.

---

பொத்தான் பூட்டி:

நான் இஞ்ச பிரான்ஸில ஒரு மத்தெர்னெல்லில (மழலையர் பள்ளி) அத்செமாய், அதாவது ஆசிரியருக்கு உதவியாளராய் வேலை செய்யிறன். அட்டவணைக்காரி அக்கா சொன்ன அந்தப் பதினஞ்சாவது ஆள் நான்தான் எண்டு வையுங்கோ.

எங்கட வகுப்பில 27 பிள்ளையள், மூண்டு நாலு வயசு. வாத்தியாருக்குச் சம்பளம் அரசாங்கம், எனக்கு நகராட்சி. காலமை எட்டரைக்கு முதல் வண்ணம் கரைச்சு வைக்கிறது, குளிர்காலத்தில 27 கோட்டுக்கும் சிப் இழுத்து விடுறது, மத்தியானம் நித்திரை அறையில ஆரும் அழுதால் பக்கத்தில இருக்கிறது, எல்லாம் என்ர வேலை. இந்த வேலையில ஆம்பிளையளைக் காணுறது அபூர்வம். ஆனால் ஆசிரியர் எண்ணிக்கையில நாங்கள் ஒருத்தரும் இல்லை.

இப்ப கணக்கைப் பாருங்கோ. எங்கட வகுப்பு வாத்தியார் ஆம்பிளை. அட்டவணைப்படி எங்கட வகுப்பில பெண் ஆசிரியர் சைபர். ஆனால் அறைக்குள்ள வந்து பாத்தால் ரெண்டு பெரிய ஆக்களில ஒராள் பொம்பிளை. அத்செமையும் சேத்து எண்ணினால் பிரான்ஸின்ர 90, ஜப்பான் பக்கமா ஏறும் எண்டுதான் நினைக்கிறன். அந்த 10 சதவீத ஆம்பிளையளுக்குப் பக்கத்தில என்னைப்போல ஒரு பொம்பிளை நிக்கிறாள், அதை மறக்கப்படாது.

பகிடி என்னெண்டால், மத்தெர்னெல் எண்ட சொல்லே தாய் எண்டதில இருந்து வந்தது. 1881-இல இருந்து அதுதான் பேர். பிள்ளையளும் பழக்கதோசத்தில அவரை "மெத்ரெஸ்" எண்டு கூப்பிடுதுகள், அது ரீச்சரம்மா எண்ட மாதிரி. அவர் திரும்பிப் பாத்து "மெத்ர்" எண்டு திருத்துவார். ஒரு நாளைக்கு அஞ்சாறு தரம். மார்கழி வந்தால் திருத்திறதை விட்டிடுவார்.

---

நேர்கோடு:

மக்கள்தொகை விஷயத்துல நான் சொன்னது தப்பு. ஒத்துக்கறேன். தொட்டில் கணக்கு நல்லா இருக்கு.

---

இரண்டாம் பெஞ்சு:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. நேத்து ராத்திரி மறுபடி வரைஞ்சேன். ஆண்கள் பட்டை ரெண்டு, ஜப்பான் 3, பிரான்ஸ் 10. பக்கத்துல தொடக்கப் பள்ளிக்கும் ரெண்டு. ஜப்பானோட ரெண்டு பட்டையையும் பார்த்தா நெல்லிக்காய் பக்கத்துல பூசணிக்காய் வச்ச மாதிரி இருக்கு. மேடம் ரொம்ப நேரம் பார்த்தாங்க. அப்புறம் பென்சிலை எடுத்து கீழ "உதவியாளர்கள் எங்கே?"ன்னு எழுதினாங்க. நான் பொத்தான் பூட்டி அக்கா எழுதினதைக் காட்டினேன். அதையும் ஒரு பத்தியாச் சேர்க்கச் சொல்லிட்டாங்க.

அட்டவணைக்காரி அம்மா, இன்னொரு சந்தேகம். ஒரு இடத்துல தலைக்கணக்கு, ஒரு இடத்துல முழுநேரக் கணக்குன்னு போட்டிருக்கு. எதை எடுக்கட்டும்?

---

அட்டவணைக்காரி:

ஆண், பெண் பங்குக்குத் தலைக்கணக்கு. ஒரு ஆசிரியைக்கு எத்தனை பிள்ளைங்கன்னு கேட்டா முழுநேரக் கணக்கு, அதாவது அரை நாள் பாக்கற ரெண்டு பேரை ஒரு ஆளா எண்றது. யுனெஸ்கோ அந்த விகிதத்துக்கும் தலைகளைத்தான் எண்ணும், ஓஇசிடி முழுநேரமா மாத்திப் போடும். அரை நாள் வேலை பாக்கறவங்க பெரும்பாலும் பெண்கள்ங்கறதால ரெண்டையும் கலந்தா கணக்கு கோணிக்கும். எந்த வருஷம், எந்த நிலை, எந்தக் கணக்கு, மூணையும் படத்துக்கு அடியில சின்ன எழுத்துல போட்டுடுங்க. தலைப்புல "எண்ணிக்கை"ன்னு இருக்கறதை "பங்கு"ன்னு மாத்த மேடம் சம்மதிப்பாங்களான்னு கேளுங்க.

அப்புறம், நான் உங்க நண்பர் நின்னுட்டான்னு வைங்கன்னு கணக்குக்காகச் சொன்னேன். அந்தத் தம்பி தப்பா எடுத்துக்க வேண்டாம்னு சொல்லுங்க.

---

இரண்டாம் பெஞ்சு:

அவன் நிஜமாவே நின்னுட்டான்மா. போன திங்கக்கிழமை. செய்முறைப் பயிற்சிக்குப் போன பள்ளியில, சின்னப் பொண்ணுங்களைக் கழிவறைக்கு யார் கூட்டிட்டுப் போறாங்கன்னு ஒரு அம்மா கேட்டிருக்காங்க. மறுநாள்லேர்ந்து அவனை வாசல் கேட்டுல நிக்கச் சொல்லிட்டாங்க. மூணு வாரம் நின்னான்.

இப்ப 41-ல 40. நீங்க போட்ட கணக்கு அப்படியே, 97.6. மேடம் இன்னைக்குக் காலையில "குட்மார்னிங் கேர்ள்ஸ் அண்ட்..."னு இழுத்தாங்க, என்னைப் பார்த்தாங்க, அப்படியே எல்லாரையும் உட்காரச் சொல்லிட்டாங்க.